எறும்பின் இரண்டாவது வயிறு

மருந்து விநியோக நிறுவனத்தில் அவளை எல்லோரும் எறும்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டிகளுக்கு வழி சொல்லும் கணினி நிரலை எறும்புகளைப் பார்த்து எழுதியவள் அவள். எறும்பு போகிற தடத்தில் வாசனையை விட்டுச் செல்லும். பின்னால் வருவது அதைப் பிடித்துக்கொண்டு வரும். யாரும் போகாத தடத்தில் வாசனை ஆவியாகிவிடும். வண்டிகளுக்கும் அப்படியே. மருந்து கொடுத்து முடித்த வழியில் கணினிக்குள் ஒரு தடம் பதியும்; போகாவிட்டால் மங்கும்.

அன்று காலை தொலைபேசியில் ஒரு தையல்காரர். மேட்டுத்தெருவில் கடைசி வீடு.

"இன்சுலின் தீர்ந்துபோச்சும்மா. நேத்தும் வண்டி வரல. இன்னைக்குச் சாயங்காலம் போட்டுக்க ஒண்ணுமில்ல."

அவள் திரையைப் பார்த்தாள். மேட்டுத்தெருவின் தடம் அழிந்தே போயிருந்தது. தடம் மங்கும் வேகத்தை யாரோ கூட்டியிருந்தார்கள்.

"நான்தான் கூட்டினேன்," என்றார் மேலாளர், நாற்காலியில் சாய்ந்தபடி. "ஒரு ஆளுக்காக அவ்வளவு மேடு ஏறணுமா? எறும்பும் அப்படித்தானேம்மா, ஆதாயமில்லாத பக்கம் போகாது. இயற்கையே அப்படி."

அவளுக்குச் சுர்ரென்று கோபம் உச்சிக்கு ஏறியது. செய்வதையும் செய்துவிட்டு வாயில்லா ஜீவன்மேல் பழி போடுகிறாரே.

"எறும்புக்கு வயிறு ரெண்டு சார். ஒண்ணு தனக்கு, இன்னொண்ணு கூட்டத்துக்கு. பசியோட ஒண்ணு வந்து கேட்டா, அதுலேர்ந்து வாய்க்கு வாய் ஊட்டும். படைச்சவன் அந்தத் துளியூண்டு உடம்புலகூட அடுத்தவனுக்கு இடம் விட்டிருக்கான். நீங்க தடத்தை மட்டும் எடுத்துக்கிட்டு வயித்தை விட்டுட்டீங்க. உங்க கஞ்சத்தனத்துக்கு எறும்பைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க."

"பிரசங்கம் முடிஞ்சுதா? அந்த வேகத்துல கை வச்சா உனக்கு இங்க வேலை இல்ல."

அவள் கை வைக்கவில்லை. தையல்காரரின் இன்சுலினைக் குளிர்ப்பெட்டியிலும் அவருடைய மாத்திரை அட்டைகளைக் கையிலும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். வண்டியோட்டி ஹாரன் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓயாமல் ஹாரன் அடிப்பதால் வந்த பெயர்.

"என்ன எறும்பக்கா, கடிக்கப் போற மாதிரி வர்றே?"

சொன்னாள்.

"ஏறு வண்டியில."

"கணினி வேற பக்கம் திரும்பச் சொல்லும் அண்ணே."

"பொண்டாட்டி பேச்சையே கேக்காதவன், பொட்டி பேச்சையா கேக்கப் போறேன்?"

கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஹாரன் அண்ணன் வண்டித் திரையில் 'கொடுத்தாயிற்று' பொத்தானை அழுத்தினார். திரையில் மேட்டுத்தெருவுக்கு மெல்லிய கோடு ஒன்று விழுந்தது.

"இது சீக்கிரமே மங்கிடும்," என்றாள் அவள்.

தையல்காரரின் மாத்திரை அட்டைகள் இன்னும் அவள் கையில் இருந்தன. ஹாரன் அண்ணன் அவற்றைப் பார்த்தார். "ஐயா, இதுல இன்னைக்குத் தேவையானதை மட்டும் வச்சுக்குங்க. மிச்சத்தைத் தினம் ஒருத்தனா கொண்டு வர்றோம். அப்பதான் தடம் மங்காது."

அவர் சொன்னபடியே ஓட்டுநர்கள் ஆளுக்கொரு அட்டையோடு மேடேறினார்கள். ஒவ்வொருவரும் பொத்தானை அழுத்த, கோடு தடித்தது. அடுத்த முறை இன்சுலினோடு வண்டியைக் கணினியே அந்தத் தெருவுக்கு அனுப்பியது.

மேலாளர் அவளைக் கூப்பிட்டார். "யார் இதுல கை வச்சது?"

"யாரும் வைக்கல சார். எறும்புங்க போச்சு, தடம் விழுந்தது."

அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. இருக்கைக்குத் திரும்பி, அந்த இரண்டாவது வயிற்றை நிரலில் எங்கே வைக்கலாம் என்று தேட ஆரம்பித்தாள்.