மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி

பிள்ளை உண்டாவதற்குத்தான் மருமகளை இந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறோம் என்று மாமியார் நம்பிக்கொண்டிருந்தாள். அப்படிச் சொல்லி வைத்தவள் மருமகளேதான். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் வீட்டு வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டார்கள்.

உண்மையில் அங்கே நடந்தது எச்.ஐ.வி. தடுப்பு ஆராய்ச்சி. பெண்கள் உடம்புக்குள் வைத்துக்கொள்ளும் மருந்து வளையம் ஒன்றை மாதா மாதம் மாற்றுவார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆகுமா ஆகாதா என்று இன்னும் தெரியாததால், வளையம் இருக்கும்வரை கர்ப்பம் கூடாது. அதற்காக மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. மாமியார் வெளியே பெஞ்சில் இருந்தபடியே, நர்ஸ் தலை தெரிந்தால் போதும், இவளுக்கு மட்டும் கொஞ்சம் தூக்கலாகப் போடுங்க என்பாள். பக்கத்தில் காத்திருக்கும் பெண்களிடம், என் பையன்மேல் குறையே இல்லை, லாரி ஓட்டுகிற உடம்பு, இரும்பு என்று யாரும் கேட்காமலே சொல்வாள்.

அந்த இரும்பு உடம்பு மருமகளுக்குத் தெரியும். துவைக்கப் போட்ட சட்டையில் ஒருமுறை களிம்பும் மாத்திரையும் கிடந்தன. கேட்டதற்கு, சூட்டுக் கொப்புளம் என்றான் புருஷன். உறை போட்டுக்கொள்ளச் சொன்னால், கட்டின பெண்டாட்டியிடம் என்ன உறை என்பான். அவனை ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்ட அன்று, அவள் வைத்த சாப்பாட்டை அவன் தொடவே இல்லை.

அடுத்த வருடம் மாமியாரின் பேச்சு மாறியது. இந்த ஊசிக்கும் தங்கவில்லை என்றால் பையனுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். அண்ணன் மகள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்.

அதன் பிறகு வந்தபோது மருமகள் ஊசிக்குக் கையை நீட்டவில்லை.

"வளையத்த எடுத்துடுங்க அக்கா."

நர்ஸ் தடுத்துப் பார்த்தாள். வளையத்துக்குப் பதிலாகக் கொடுக்க வேறு எதுவும் அப்போது அவள் கையில் இல்லை. வீட்டுக்காரரை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வா என்றாள்.

"அவர் வர்ற ஆளா இருந்தா நான் எதுக்குக்கா இங்க வர்றேன்?" என்றாள் மருமகள். வாசல் பக்கம் பார்த்துக் குரலை இறக்கினாள். "இது என்னைக் காப்பாத்தும், சரி. புள்ள இல்லாம என்னை யாரு வீட்ல வெச்சுப்பாங்க?"

அந்த வளையத்தில் மருந்து இருந்ததா, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த வெறும் வளையமா என்பது நர்ஸுக்கே தெரியாது. ஆராய்ச்சியின் முறை அப்படி. தானாகச் சேர்ந்தவள் தானாக விலகலாம் என்பதும் முறைதான். நர்ஸ் கழற்றிவிட்டாள்.

சில மாதம் கழித்து மாமியார் முன்னே நடக்க, வாந்தி எடுத்து வெளுத்துப்போன முகத்தோடு மருமகள் பின்னே வந்தாள். சிறுநீர்ப் பரிசோதனை மாமியார் ஆசைப்பட்டதைச் சொன்னது. ரத்தப் பரிசோதனை மற்றதைச் சொன்னது. மறுபடியும் எடுத்துப் பார்த்தார்கள். அதேதான்.

கதவைச் சாத்திவிட்டு நர்ஸ் சொன்னபோது மருமகள் அழவில்லை. எதிர்ச் சுவரிலிருந்த சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்கு?"

"மாத்திரைய ஒரு நாள்கூட விடாம சாப்பிட்டா, பெரும்பாலும் வராம பாத்துக்கலாம்மா."

"எது வரைக்கும்?"

"உன் ஆயுசு முழுக்க." வீட்டுக்காரருக்கும் வைத்தியம் வேண்டும், அவரிடம் சொல்லியாக வேண்டும் என்றும் நர்ஸ் எடுத்துச் சொன்னாள்.

"சொல்றேன். இப்ப சொன்னா என்னாலதான் வந்துச்சும்பாங்க. புள்ளையோட சேத்து வெளிய தள்ளிடுவாங்க." நர்ஸ் எடுத்து வைத்த மாத்திரை டப்பாவைக் காட்டி, "டப்பா மேல ஒட்டியிருக்கறதக் கிழிச்சுட்டுக் குடுங்கக்கா. சத்து மாத்திரைன்னு சொல்லிக்கறேன்" என்றாள்.

நர்ஸ் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

வெளியே மாமியார் டப்பாவை வாங்கித் தன் பையில் பத்திரப்படுத்திக்கொண்டாள். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று இரண்டு தடவை கேட்டாள். ராத்திரி சாப்பிட்ட பிறகு, ஒரு நாளும் தவறக் கூடாது என்றாள் நர்ஸ்.

"தவற விடுவேனா? என் கையாலயே குடுத்து, முழுங்குற வரைக்கும் பக்கத்துலயே நிக்கறேன். இவள நம்பினா மறந்து தொலைச்சுடுவா."

"ஆமா அத்தை," என்றாள் மருமகள். "நான் மறந்துடுவேன். நீங்களே குடுங்க."