நடுவில் ஒரு நிறுத்தக் குறி

மூன்றாவது முறை பத்து சதவீதம் வந்தது. முதல் தடவை பதினொன்று, அடுத்தது ஒன்பது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். புதிய மருந்தின் சோதனையில் ஒரு குழந்தையைச் சேர்க்க, குறைந்தது இருபது வேண்டும்.

சாம்பிள் அக்கா மகளுடையது. ஆறு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பிறவித் தசை நோயால் இரண்டு வருடமாக வாலுவால் படி ஏற முடியவில்லை. சொந்தக்காரர்களின் சாம்பிளைத் தொடக் கூடாது என்பது ஆய்வக விதி. இன்னொரு டெக்னீஷியன் பிரசவ விடுப்பில் இருந்தாள். அதனால் ஆய்வகத்தை நடத்தும் மேடம் என்னிடமே கொடுத்து, "நம்பரை மட்டும் பாரு, யாருதுன்னு யோசிக்காதே" என்றார்.

மதியம் அக்கா வந்தாள். அவள் ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்க நின்றே சட்டைகளைச் சோதிப்பவள். நாற்காலி போட்டாலும் உட்கார மறந்துவிடுவாள்.

"சொல்லிடு. நீ நல்ல சேதியையும் இதே முகத்தோடதான் சொல்வ, அதான் ஒண்ணும் புரியல."

"பத்துக்கா."

"இருபதுக்குப் பத்தா? அப்ப பாஸ்தானே."

நான் சிரிக்கவில்லை. அவளும் அதற்கு மேல் சிரிக்கவில்லை.

"புரியற மாதிரி சொல்லு. மேடையில பேசற மாதிரி வேண்டாம்."

"நான் எப்பக்கா மேடையில பேசியிருக்கேன்?"

"அதுவும் சரிதான்."

சொன்னேன். டிஎன்ஏவில் இருக்கும் தகவலைச் செல் முதலில் ஒரு பிரதி எடுக்கிறது. தூது ஆர்என்ஏ என்று அதற்குப் பெயர்; புரதம் செய்வதற்கான செய்தி அது. துண்டு துண்டாக ஒட்டித்தான் அந்தச் செய்தி தயாராகிறது. ஒவ்வொரு ஒட்டுக்கும் பக்கத்தில் ஒரு அடையாளம் இருக்கும். புரதம் செய்யும் எந்திரம் செய்தியைப் படித்துக்கொண்டே போகும்போது அந்த அடையாளங்களைத் தட்டிவிட்டுப் போகும். 'இங்கே நிறுத்து' என்ற குறி வழக்கமாகக் கடைசி ஒட்டைத் தாண்டித்தான் வரும். வாலுவின் செய்தியில் அது நடுவிலேயே வந்துவிடுகிறது. எந்திரம் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் அடையாளங்கள் மிச்சம் இருக்கின்றன. அதைப் பார்த்ததும், இது பிழையானது என்று செல் அந்தச் செய்தி முழுவதையும் வெட்டி அழித்துவிடுகிறது.



"எங்க ஃபேக்டரியிலயும் அதான். ஒரு கை குட்டையா இருந்தா மொத்தச் சட்டையையும் வெட்டிப் போட்டுடுவோம். போட்டுக்கலாம்தான். வெளிய போகக் கூடாது, அவ்வளவுதான்."

"ஆமாக்கா."

"இந்த மருந்து என்ன பண்ணும்?"

"நடுவுல இருக்கற குறியை எந்திரம் தாண்டிப் போக வைக்கும். ஆனா படிக்கச் செய்தி இருக்கணும். இவகிட்ட நூத்துக்குப் பத்துதான் மிச்சம் இருக்கு."

"அழிக்கறதை நிறுத்திட்டா?"

"அவ செல்லை இங்க தட்டுல வளர்த்து, அழிக்கறதை நிறுத்திப் பார்த்தோம். எழுபது வந்தது. ஆனா அந்த ரசாயனம் புரதம் செய்யறதையே நிறுத்திடும். அதை உடம்புக்குக் கொடுக்க முடியாது."

"எழுபது," என்றாள் அக்கா. அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இருபதுன்னு போட்டா யாருக்குடி தெரியும்?" என்றாள்.

கேட்பாள் என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து அதையே நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சேர்த்துக்குவாங்க. மருந்தும் கொடுப்பாங்க. அந்த மருந்து காதைக் கெடுக்கலாம், கிட்னியைக் கெடுக்கலாம். பலன் இருக்கும்னாதான் அதுல இறங்கலாம். பத்துல பலன் இருக்காதுக்கா."

"காதா?"

"ஆமா."

"அவளுக்கு வாயும் காதும்தான் நல்லா இருக்கு. பக்கத்து வீட்டுச் சண்டையை வரி விடாம ஒப்பிப்பா." அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப அவ உடம்பு வேலையை ஒழுங்காத்தான் பார்க்குது. என்னை மாதிரியே."

இந்த வேலைக்கு வந்த நாலு வருடத்தில், சரியாக நடப்பதைப் பார்த்து இவ்வளவு களைத்துப் போனதில்லை.

"வேற மருந்து வருமா?"

"வேற மாதிரி முயற்சி நடக்குது. எப்ப வரும்னு தெரியாது."

"தெரியாதுன்னு சொல்ற பார், அதுக்காகவே உன்கிட்ட வரேன்."

படிவத்தை எடுத்தேன். பெயர் கிடையாது, எண் மட்டும். கடைசிக் கட்டத்தில் 10 என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். அக்கா குனிந்து பார்த்தாள். அவள் கண் அப்படித்தான், எதைக் கொடுத்தாலும் ஓரம் ஓரமாகப் போய்வரும்.

"ஒண்ணு ரெண்டு மாதிரி விழுந்திருக்கு," என்றாள்.

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

"அடிச்சிட்டு ஒழுங்கா எழுது."

அடித்துவிட்டு எழுதினேன். திருத்தின இடத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தும் போடச் சொன்னாள்.