துரையின் தங்கமீன்

ஆவுடைநாயகம் பிள்ளையின் பாடை தெருமுனை திரும்பியதும், பெண்கள் வீட்டில் இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டத் தொடங்கினார்கள். சாவு வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டுகூட நிற்கக்கூடாது. குடம், அண்டா, கைகழுவும் செம்பு வரை கவிழ்ந்தன. மகள் அன்னத்தாய் அப்போது புறவாசல் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். முற்றத்துக் கல்தொட்டி நினைவுக்கு வந்ததும் ஈரப் புடவையோடு ஓடினாள்.

"பெரியம்ம, அதச் சரிச்சிராதிய!"

பெரியம்மா சொர்ணாம்பாள் ஏற்கெனவே சரித்துவிட்டிருந்தாள். "உப்புத் தண்ணிதானட்டி? இதுல என்ன கெடக்கு?"

துரையின் தங்கமீன் ஒன்று கிடந்தது. அப்பா வெள்ளைக்காரத் துரையிடம் குமாஸ்தா. கோடைக்கு மலைக்குப் போகும்போது துரை தன் மீன்களைக் கண்ணாடித் தொட்டியோடு அப்பாவிடம் விட்டுப் போனார். சைவப் பிள்ளைமார் வீட்டில் மீன் வளருது என்று பாளையங்கோட்டையே சிரித்தது. ஒரு மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கூழாங்கல்லில் உடம்பை உரசியதை அப்பா கண்டுபிடித்தார். மேலெல்லாம் ரவை தூவினதுபோல வெள்ளைப் புள்ளி. அதைத் தனியே பிரித்து, கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் விட்டு, வெயில் படும் இடத்தில் வைத்தார். தன் உடம்பு அனலாய்க் கொதித்தபோது மட்டும் "சும்மா சூடுதான்" என்றார். மீனின் சீக்கைக் கண்ட கண்ணுக்குத் தன் காய்ச்சல் தெரியவில்லையே என்று அன்னத்தாய்க்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. நேற்று நினைவு தப்பும் முன்பும் அதே பேச்சுதான்.

"புள்ளி உதுந்துட்டான்னு பைய பாரு, தாயி. உதுந்திருந்தா மத்ததோட சேத்துரு."

அழுத அழுகையில் அவள் பார்க்கவில்லை.

கூடத்தில் கண்ணாடித் தொட்டி மட்டும் தளும்ப நிறைந்திருந்தது.

"அத ஏன் கொட்டல?"

"அது துரை சாமான்லா? அதுக்கு ஏதுட்டி தீட்டு?" என்றாள் பெரியம்மா.

அண்ணன் காசிலிங்கம் மொட்டைத் தலையோடு மயானத்திலிருந்து திரும்பினான். மீன் செத்ததைக் கேட்டதும், அன்றைக்கு முதல்முறையாக அவன் முகம் வெளிறியது.

"அப்பா வேலைய எனக்குத் தாங்கன்னு துரைட்ட கேக்கணும். இந்த நேரத்துல இப்படிப் பண்ணிட்டியளே!" கொஞ்சம் யோசித்தான். "அப்பா சரியாப் பாக்கல, சீக்குல செத்துட்டுன்னு சொல்லிருவோம். அவுகள இனி யாரு கேக்கப் போறா?"

பெரியம்மா தலையாட்டினாள்.

அன்னத்தாய் சாக்கடை ஓரம் கிடந்த மீனை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். புரட்டி அந்தப் பக்கமும் வால்வரை பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை.