நோன்பு வீட்டு முட்டை அட்டை

1

இந்தக் கதை எனக்குக் குப்பையிலிருந்து கிடைத்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. கெய்ரோவில், ஊர்க் குப்பையெல்லாம் பிரிக்க வந்து சேரும் முகத்தம் மலையடியில் குடியிருப்பவனுக்கு எல்லாமே அங்கிருந்துதான் கிடைக்கிறது. கீழ்வீட்டுத் தமியானா பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்து, முட்டை அட்டை செய்யும் தொழில் தொடங்கினாள். அதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'நகரம் கழித்ததையெல்லாம் மலை வாங்கிக்கொண்டது. அந்த மலையின் மடியில் ஒரு பெண்…'

வேண்டாம். மலைக்கு மடி வந்தால் அடுத்த வரியில் கண்ணீர் வரும். தமியானா அழுகிற ஆள் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: 'சுற்றுச்சூழலுக்கு உகந்த பொதிகளின் தேவை நாளுக்கு நாள்'

(இதை முடிக்கவே இல்லை. எழுதும்போதே கொட்டாவி வந்துவிட்டது.)

2

நேரே விஷயத்துக்கு வருகிறேன். தமியானாவின் மாமனார் பெக்கீத் கீழ்த்தளத்து அறையை ஈஸ்டர் வரைக்கும்தான் அவளுக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் ஒரு வியாபாரியாவது அவள் அட்டையை வாங்கச் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் அறை பழையபடி பிளாஸ்டிக் பிரிக்கப் போய்விடும், தொழிலும் அதோடு சரி.

ஈஸ்டருக்கு மறுநாள் வசந்தத் திருநாள். முஸ்லிம், கிறிஸ்தவர் என்றில்லாமல் ஊரே முட்டைக்குச் சாயம் பூசும். அதை நம்பி, மெக்கா போய்வந்து எல்லாருக்கும் 'ஹாக்' ஆகிவிட்ட முட்டை வியாபாரி தஸூகியிடம் போனாள். அவர் அட்டையைக் கையில்கூட வாங்கவில்லை.

"முட்டைய வச்சுப் பாத்தியாம்மா?"

"உருளைக்கிழங்கு வச்சுப் பாத்தேன், ஹாக்."

"நான் என்ன உருளைக்கிழங்கா விக்கிறேன்?"

"எங்களுக்கு ஈஸ்டர் வரைக்கும் நோன்பு. முட்டைய வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

"அப்ப நோன்பு முடிஞ்சு வா. என் முட்டையில பரீட்சை பாக்காத."

நோன்பு முடிகிற அன்றுதான் அறையும் போகிறது.

(வெளியே எங்காவது முட்டை வாங்கி வைத்துப் பார்க்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "நான் தெருக்கோடியில முட்டையத் தொட்டா மாமாவுக்கு இங்க மூக்குல வேர்த்துடும்" என்றாள்.)

3

மறுநாள் வாசலோரம் அடுக்கி வைத்திருந்த அட்டைகளைக் காணவில்லை. ஓரகத்தி ஃபிரியால் வழக்கம்போல் குப்பைக்கு நடுவில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க இருந்த அட்டையெல்லாம் எங்க?"

"முழுசு முழுசா இருந்துச்சே, அதுவா? பழைய அட்டைக்காரன் வந்தான், தள்ளிவிட்டுட்டேன்."

"ஐயோ, அது புதுசுக்கா!"

"வாசல்ல கிடந்தா பழசுதாண்டி. நம்ம தெருவுக்குப் புதுசு எப்ப வந்திருக்கு?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தத் தெருவில் கை முதலில் பிரித்துவிடும். மூளைக்கு அப்புறம்தான் சேதி போகும்.

(மேலே படித்தீர்களே இரண்டு தொடக்கங்கள், அந்தத் தாள்களும் ஃபிரியாலின் கையில் சிக்கி, தமியானாவின் தொட்டியில் ஊறிவிட்டன. நான் ஞாபகத்திலிருந்து எடுத்து எழுதினேன். அசல் இப்போது எங்கேயோ முட்டை தாங்குகிறது. என் எழுத்து உருப்படியான வேலை பார்ப்பது இதுதான் முதல் தடவை.)

4

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அறை பறிபோகிறது. எழுதிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் எனக்கே சோறு இறங்கவில்லை. இன்னொன்றில் வெளிநாட்டிலிருந்து ஒரு கனவான் காரில் வந்து… சீ! இரண்டையும் நானே தொட்டியில் போட்டேன். நடந்ததே தேவலை.

இன்னும் கொஞ்சம் அட்டை செய்துகொண்டு வருகிறேன், அப்போதாவது பாருங்கள் என்று கெஞ்சத்தான் தஸூகியின் கடைக்குப் போனாள். அங்கே ஆளுயரத்துக்கு முட்டை அடுக்கியிருந்தது. அடுக்கில் வெளிர்சிவப்பாகச் சில அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரே மூலை தடித்திருந்தது. அவள் அச்சில் அந்த மூலைதான் கோணல்.

"ஹாக், இந்த அட்டை ஏது?"

"பழைய அட்டைக்காரன் கொண்டாந்தான். பழசுன்னாலும் கெட்டி! மேல எவ்வளவு ஏத்தினாலும் அசையல. இந்த மாதிரி செய், வாங்கிக்கிறேன்."

"இதைத்தான் செஞ்சேன். நீங்க கையில வாங்காத அட்டை இதுதான்."

தஸூகி அடுக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அடிக் கள்ளி! கடைசில என் முட்டையிலயே பரீட்சை பாத்துட்டியா?"

சிரித்துக்கொண்டே, திருநாளுக்கு வேண்டிய அட்டை முழுவதையும் அவளையே செய்யச் சொன்னார். இதைத் தமியானா படிக்கட்டில் மூச்சிரைக்கச் சொன்னபோது எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தமாதிரி இருந்தது.

(தற்செயல் கொஞ்சம் அதிகம் என்கிறார் ஒரு நண்பர். பழைய முட்டை அட்டை முட்டைக் கடைக்குப் போகாமல் சினிமாக் கொட்டகைக்கா போகும்?)

5

ஈஸ்டர் காலை. தஸூகி அனுப்பிய முட்டைகள் தமியானாவின் அட்டையிலேயே வந்து இறங்கின. ஒன்றுகூட உடையவில்லை. அவித்ததும் வீடே சுற்றி உட்கார்ந்தது, நானும்தான். பெக்கீத் முட்டை ஒன்றை உரித்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

"மாமா, அந்த அறை…" என்றாள் தமியானா.

அவர் பொறு என்று கையைக் காட்டினார். அதற்குள், காலியான அட்டையை நோக்கி ஃபிரியாலின் கை தன்பாட்டுக்கு நீண்டது. வாய் நிறைய முட்டையோடு பெக்கீத் அந்தக் கையைத் தட்டிவிட்டு, அட்டையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

விழுங்கியபின் அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் என் முட்டையை உரிக்க வேண்டும்.