விளிம்பு வரை தேநீர்

என் மாமியார் தேநீரைக் கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றித் தன் மகனிடம் நீட்டியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பிஷ்கெக் நகரில் எந்த வீட்டிலும் ஒரு மடக்குதான் ஊற்றுவோம், குடிக்கக் குடிக்க ஊற்றுவோம். அப்படியென்றால் 'இரு' என்று அர்த்தம். தளும்பக் கொடுத்தால் 'குடித்துவிட்டுக் கிளம்பு'. குடியை நிறுத்தி, சிகிச்சை முடிந்து என் கணவர் எல்தார் வீடு திரும்பிய முதல் வாரத்திலா இப்படி ஒரு கிண்ணம்?

அவர் முகம் வெளுத்துவிட்டது. பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, அம்மா ஊரில் இல்லாத ஒருநாள், அப்பா இதே மேஜையில் கிண்ணத்தை நிரப்பி வைத்து அவரைப் பனியில் வெளியே துரத்தினாராம். இதை எல்தார் என்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுந்து கோட்டை மாட்டினார். தெருமுனையில் சாராயக் கடை திறந்திருந்தது. மறித்து நிற்கத்தான் என் உடம்பு துடித்தது. ஆலோசகர் பூருல் எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னது நினைவுக்கு வந்தது: நீங்கள் வழியை மறிக்காதீர்கள், அவர் ஓடத் தோன்றும்போது உள்ளே நடப்பதை வாய்விட்டுச் சொல்லட்டும். வேலையற்ற பேச்சு என்று நினைத்தவள்தான் நான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு பூட்ஸை மாட்டிவிட்டு எல்தார் நிமிர்ந்தார்.

"அம்மா, எனக்கு நெஞ்ச அடைக்குது. அப்பா என்னைத் துரத்தினப்பவும் இப்படித்தான் ரொம்ப ஊத்திக் குடுத்தாரு. நீயும் போகச் சொல்றியா?"

மாமியார் திருதிருவென்று விழித்தார். "அந்த பூருல் அம்மாதானேடா சொன்னாங்க, மகன் எவ்வளவு குடிக்கிறான்னு அளந்துகிட்டே நிக்காதீங்கன்னு. அதான் அளக்காம ஊத்தினேன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. எல்தாரும் கதவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. செருப்புகளுக்கு நடுவே போய் நின்று மகனின் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

"துரத்தினாரா? நீயா சித்தி வீட்டுக்குப் போனேன்னுல்ல சொன்னாரு. நான் இருந்திருந்தா விட்டிருப்பேனா கண்ணு?"

"தெரியும்மா" என்றார் எல்தார்.

மாமியார் மேஜைக்குத் திரும்பி, அந்த நிறைந்த கிண்ணத்தை எடுத்து, சுடச்சுடத் தானே குடித்துத் தீர்த்தார். பிறகு அதில் ஒரே ஒரு மடக்கு ஊற்றி நீட்டினார். எல்தார் குடித்துவிட்டு மறுபடி நீட்டினார், அவர் மறுபடி ஊற்றினார். நான் சமோவார் கொதிகலனில் இன்னும் தண்ணீர் நிரப்பினேன். மேஜைக்கடியில் எல்தாரின் ஒரு காலில் பூட்ஸ், மறுகாலில் வெறும் காலுறை.