தீர்த்தம் தெளித்த கம்ப்யூட்டர்கள்

கொளஞ்சியம்மாள் டீச்சருக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். அன்றைக்குத் தலைமையாசிரியர் தர்மராஜின் அறையிலிருந்து வெளியே வந்தபோது மூக்கு மட்டுமல்ல, காதும் சேர்ந்து சிவந்திருந்தது. விஷயம் இதுதான். பள்ளியில் பதினோராம் வகுப்புக் கம்ப்யூட்டர் குரூப்பை மூடிவிடலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்களாம். கம்ப்யூட்டரே ஓடாத பள்ளியில் கம்ப்யூட்டர் குரூப் எதற்கு என்று கேட்கிறார்களாம். ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் கடலூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து லேபைப் பார்ப்பார். ஓடினால் குரூப் இருக்கும். ஓடாவிட்டால் பிள்ளைகளை எல்லாம் வரலாற்று குரூப்புக்கு மாற்றிவிட்டு, லேபில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிக்கொள்ளலாம்.

கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. டீச்சருக்கு எரிச்சலே அதுதான். லேபில் வரிசையாக டெஸ்க்டாப்புகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தது. தர்மராஜ் சார் தங்கமான மனிதர். ஆனால் ஒரு பொருள் நல்ல பொருளாக இருந்தால் அதைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கீபோர்டைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க விட்டதில்லை. பிள்ளைகள் செருப்பை வெளியே விட்டு, கை கழுவி, உள்ளே போய்த் தரிசனம் செய்துவிட்டு வருவார்கள். இப்படிப் பொத்திப் பொத்தி வைத்தும் என்ன பயன்? எப்போதாவது போட்டுக் காட்டும்போதெல்லாம் கரன்ட் போவதும் வருவதுமாக இருந்ததில் ஹார்ட் டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. புதிது கேட்டு மேலே எழுதிப் போட்டார்கள். மேலே போனது மேலேயே தங்கிவிட்டது.

டீச்சர் வகுப்பில் பிள்ளைகளுக்கு விஷயத்தைச் சொன்னாள். மணி அடித்த பிறகு உமைரா மட்டும் நின்றாள். அவள் அப்பா துபாயில் இருந்தார். பத்தாவதோடு போதும் என்றிருந்த வீட்டில், அம்மா சம்சாத் பேகம்தான் மகளுக்காக எல்லாரிடமும் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கியிருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடம், கம்ப்யூட்டர் படிப்பு, வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கலாம் என்று சொல்லி வாங்கிய சம்மதம் அது.

"கம்ப்யூட்டர் குரூப் இல்லேன்னா என்னைய வூட்லயே நிறுத்திடுவாங்க டீச்சர். வரலாறு படிக்கறதுக்கு எதுக்கு ஸ்கூலுக்குப் போவணும்னு கேப்பாங்க. எங்கம்மாவால மறுபடியும் பேச முடியாது."

கொளஞ்சியம்மாள் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். பார்த்துக்கொள்ளலாம் போ என்று சொல்லி அனுப்பிவிட்டாளே தவிர, என்னத்தைப் பார்ப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் இந்தப் பெண்ணை வீட்டில் நிறுத்த விடுவதில்லை என்று மட்டும் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள்.

வழி அவள் வீட்டு அலமாரிக்கு மேலேயே இருந்தது. தம்பி பன்னிரண்டாவது படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப், தூசு படிந்து, ஊறுகாய் ஜாடிக்கு அடியில் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள். இந்தத் தெருவில் எத்தனை வீட்டில் இப்படி ஒன்று கிடக்கும் என்று யோசித்தாள். மூக்கின் சிவப்பு அப்போதுதான் இறங்கியது.

இந்த லேப்டாப்புகளின் கதை ஊருக்கே தெரிந்த கதை. அவை வரும்போதே கட்டற்ற மென்பொருளும் உள்ளே இருந்தது. யாரும் காசு கொடுக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற வகை. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? விழா மேடையில் வாங்கிய கையோடு கடைத்தெருவுக்குப் போய், அதை அழித்துவிட்டு, கடைக்காரர் கொடுத்த திருட்டு விண்டோஸைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். சும்மா கிடைத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திருட்டுக்குக் கூலி கொடுத்த ஊர் நம் ஊர்தான். பிறகு வைரஸ் ஏறியது, ஆமை வேகம் ஆனது, கடைசியில் ஊறுகாய் ஜாடிக்கு மணையானது.

மறுநாள் காலை இறைவணக்கத்தில் டீச்சர் மைக்கைப் பிடித்தாள். வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப்பை அண்ணன், அக்காவிடம் கேட்டு வாங்கி வாருங்கள், உயிர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்றாள். மஞ்சள் பையிலும் அரிசிச் சாக்கிலுமாக வந்து குவிந்தன. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வரும் பிள்ளைகள் பஸ்ஸில் மடியில் வைத்துக் குழந்தை மாதிரி கொண்டுவந்தார்கள். ஒன்றுக்குள் எறும்புப் புற்றே இருந்தது. ஊரெங்கும் பறக்கும் களிமண் தூசு ஃபேனில் அப்பிக் கிடந்தது. பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மாக்கள், சுடாத கோப்பைகளைத் தட்டிவிடும் மெல்லிய பிரஷ்களைக் கொடுத்தனுப்பினார்கள். அவற்றால் தட்டித் தட்டி எடுத்தார்கள்.

டீச்சர் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளை வைத்திருந்தாள். பழைய கருவிகளுக்கென்றே இருக்கும் லேசான வகை. முதல் லேப்டாப்பில் அவளே போட்டுக் காட்டினாள். இரண்டாவதில் உமைரா போட்டாள். அதற்குப் பிறகு டீச்சரை யாரும் தேடவில்லை. பாடப் புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்திருந்த ஓப்பன் ஆபீஸைப் பிள்ளைகள் தங்கள் கையால் திறந்தார்கள். தமிழில் தட்டினார்கள். கணக்குப் போடும் கட்டத்தில் பெயரை எழுதி வண்ணம் அடித்தார்கள். லேப் முழுக்க ஒரே சத்தம். தர்மராஜ் சார் வாசலில் வந்து நின்றார், உள்ளே பார்த்தார், செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம்.

ஆனால் அவர் சும்மா போய்விடவும் இல்லை. இவ்வளவு நல்லது நடந்திருக்கிறதே, ஆயுத பூஜையை இந்த முறை லேபில் அமர்க்களமாகச் செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

செய்தார். வாழைக்கன்று, பொரி, சுண்டல், சாமந்திச் சரம். எல்லா லேப்டாப்பையும் திறந்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். அதன்பிறகு தர்மராஜ் சார் செம்பில் மஞ்சள் நீரை எடுத்து, மாவிலையால் தொட்டு, பக்தியோடு தெளித்துக்கொண்டே போனார். கீபோர்டின் மேல் சொட்டுச் சொட்டாக விழுவதைக் கொளஞ்சியம்மாள் பார்த்தாள். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தீர்த்தத்தைத் தெளிக்காதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? அவளும் தலையைக் குனிந்து தன் பங்கை வாங்கிக்கொண்டாள்.

அப்போதே துடைத்திருந்தால்கூடத் தப்பித்திருக்கும். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாதே! சார் பொட்டுக் கலையாமல் மெதுவாக மூடிகளைச் சாத்தி, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். மூடிய பெட்டிக்குள் தீர்த்தம் நிதானமாக இறங்கி, போக வேண்டாத இடமெல்லாம் போயிற்று.

விஜயதசமியன்று திறந்தபோது பாதிக்கு மேல் மூச்சே இல்லை. உயிர் இருந்தவையும் பேய் பிடித்தவை மாதிரி தானாகவே எழுத்தை அடித்துக்கொண்டே போயின. உமைரா ஒவ்வொன்றாகப் பட்டனை அழுத்திப் பார்த்தாள். கடைசி ஒன்றும் ஏமாற்றியதும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். தர்மராஜ் சாரின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சேன்," என்றார். "அதிகாரி வந்தா நானே என் தப்புன்னு சொல்லிடுறேன்."

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவரைத் திட்டி என்ன ஆகப் போகிறது? அந்தக் கோபத்தோடேயே ஒரு திருப்புளியை எடுத்து, செத்துப்போன லேப்டாப் ஒன்றின் அடிமூடியைக் கழற்றினாள். மேலே மதர்போர்டுப் பலகை நனைந்திருந்தது. அடியில், தனி அறைக்குள், ஹார்ட் டிஸ்க் சொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது. அதைக் கழற்றிக் கையில் எடுத்தாள். பிறகு பூப்போட்ட உறைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த டெஸ்க்டாப்புகளுக்கு இல்லாதது ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். உறையும் பிளாஸ்டிக்கும் போட்டுப் பொத்தி வைத்திருந்ததால் அவற்றின் மேல் தீர்த்தம் படவே இல்லை. இத்தனை வருஷம் அந்த உறைகளைப் பார்த்துப் பல்லைக் கடித்தவள், இப்போது அவற்றைத் தைத்த கைக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள். லேப்டாப்பின் டிஸ்க் சின்னது, ஆனால் செருகும் இடம் ஒன்றுதான். டெஸ்க்டாப் ஒன்றில் மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள்.

திருட்டு விண்டோஸாக இருந்திருந்தால் பெட்டி மாறியதுமே முரண்டு பிடித்திருக்கும், உரிமச் சாவி எங்கே என்று கேட்டிருக்கும். இது அப்படி எதுவும் கேட்கவில்லை. விருந்துக்கு வந்த நல்ல ஆள் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தது, இது திரை, இது கீபோர்டு என்று தானே தெரிந்துகொண்டது, பிள்ளைகள் வைத்திருந்த பூப்படத்தோடு அப்படியே வந்து நின்றது. உமைரா எழுதி வைத்திருந்த கட்டுரைகூட உள்ளே இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், அடுத்த திருப்புளியை எடுத்தாள்.

தர்மராஜ் சார் ஒவ்வொரு கீபோர்டாக எடுத்து, பிளாஸ்டிக் உறையைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டார்.

வந்த அதிகாரியின் பெயர் சொர்ணாம்பாள். வந்ததுமே சிரிக்காத முகத்தோடு லேபுக்குள் போய், எந்தப் பிள்ளையை எங்கே உட்காரச் சொல்லியிருந்தார்களோ அதை எல்லாம் மாற்றி உட்கார வைத்தார். தமிழில் ஒரு பக்கம் தட்டச் சொன்னார். மதிப்பெண் பட்டியல் போட்டுக் கூட்டச் சொன்னார். படம் வைத்து விளக்கச் சொன்னார். பிள்ளைகள் செய்தார்கள். ஒருவன் பதற்றத்தில் தப்பான பட்டனை அழுத்தி, பக்கத்திலிருந்தவள் சொல்லாமலே தானே சரிசெய்துகொண்டான். கொளஞ்சியம்மாளுக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது.

ஆனால் அதிகாரி கடைசியில் கேட்ட கேள்வி வேறு. இந்த மென்பொருளுக்கெல்லாம் பில் எங்கே என்றார். பில்லே கிடையாது, கட்டற்ற மென்பொருள் என்று டீச்சர் விளக்கினாள். சொர்ணாம்பாள் தலையை ஆட்டவில்லை.

"பில் இல்லாத சாப்ட்வேர்னா திருட்டு காப்பின்னுதாங்க நான் எழுதணும். திருட்டு காப்பி ஓடுற லேபை, ஓடுற லேபுன்னு எழுத முடியாது."

தர்மராஜ் சாருக்கு வியர்த்துவிட்டது. டீச்சரின் மூக்கு சிவந்தது. அவள் வாய் திறப்பதற்குள் உமைரா திரையில் உரிமப் பக்கத்தைத் திறந்து, யாரும் பயன்படுத்தலாம், நகல் எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். அதிகாரி கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. அறிக்கையை இங்கேயே எழுதிவிடுகிறேன் என்று தன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தார்.

திரை கருப்பாக வந்தது. மூலையில் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ இருந்தது. பக்கத்தில் நின்றிருந்த உமைரா, கேட்டால் பதில் சொல்லியே பழகிய பிள்ளை, கேட்காமலே படித்துச் சொல்லிவிட்டாள்.

"உங்க விண்டோஸ் காப்பி ஒரிஜினல் இல்லைன்னு போட்டிருக்குது மேடம்."

தர்மராஜ் சார் கண்ணை மூடிக்கொண்டார். சொர்ணாம்பாள் இரண்டு பட்டனைத் தட்டிப் பார்த்தார். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, நிற்கவே இல்லை. அவர் முகத்தில் முதலில் வெட்கம் வந்தது, பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, சிரிப்பு வந்தது.

"எம் மவன் கடையில குடுத்துப் போட்டுக்கிட்டு வந்தான். பில்லு வாங்கினேங்க இதுக்கு," என்றார். பிறகு உமைராவின் தோளைத் தொட்டார். "கொஞ்சம் தள்ளிக்கம்மா. உங்க மெஷின்லயே அடிச்சிடறேன்."

உட்கார்ந்து அடித்தார். எந்தப் பட்டன் எங்கே என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டர் ஆய்வகம் நல்ல முறையில் இயங்குகிறது என்று எழுதினார். மென்பொருள் சட்டப்படியானது, பில் தேவைப்படாதது என்று எழுதினார். பதினோராம் வகுப்புக் கம்ப்யூட்டர் பிரிவு தொடரலாம் என்று எழுதி, அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டார். தர்மராஜ் சார் அந்தக் காகிதத்தை வாங்கிப் பிள்ளைகளுக்குச் சத்தமாகப் படித்தார். 'தொடரலாம்' என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. பிள்ளைகள் தட்டிய கைத்தட்டல் ரயில் ஜங்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும். கொளஞ்சியம்மாள் டீச்சர் மறைக்காமல் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

சொர்ணாம்பாள் கிளம்ப எழுந்தவர், இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்த தன் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு நின்றார். இதிலும் அதைப் போட முடியுமா என்று, அதிகாரிக் குரலை எங்கேயோ விட்டுவிட்டுக் கேட்டார். உமைரா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்தாள். உமைரா பென் டிரைவைச் செருகி, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அரை மணி நேரம் ஆகும் மேடம்," என்றாள். "நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க."