சேலையின் மறுமுனை

யோகலிங்கம் சேலைக்கடைக்குள் வந்தால் கடைக்காரி தயாளினி முதலில் பார்ப்பது அவருடைய கைகளைத்தான். வரும்போது வெறுங்கை, போகும்போது நிறைந்த கை. லண்டன் எட்மண்டனில் இருக்கும் கோயிலின் கலைக்குழுத் தலைவர் அவர். வாரநாட்களில் மோர்ட்கேஜ் புரோக்கர். கேட்டவனுக்கெல்லாம் வங்கிகள் வீட்டுக் கடன் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஊரார் வீடுகளை வைத்துத் தன் வீட்டுக்கு மாடி எழுப்பிய மனுசன் என்று கடை இருக்கும் இல்ஃபோர்டில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைத் தயாளினி பரப்பியதில்லை. மறுத்ததும் இல்லை.

அன்று அவர் வந்தது சேலைக்காக. கோயில் விழாவில் வருஷா வருஷம் பாரதத்திலிருந்து ஒரு பகுதியை நாடகமாகப் போடுவார்கள். இந்த வருஷம் சூதாட்டச் சபை. துச்சாதனன் இழுக்க இழுக்கத் திரௌபதிக்குச் சேலை வந்துகொண்டே இருக்க வேண்டும்.

"தங்கச்சி, கண்ணன் குடுத்த சேலை எண்டு சனம் கையெடுத்துக் கும்பிடப்போகுது. புதுசு வேண்டாம், விலைபோகாமல் கிடக்கிறதுகளைத் தாரும், அதுவே காணும்."

"விலைபோகாததைக் கண்ணன் குடுக்கமாட்டார், அண்ணை," என்று சொல்லிக்கொண்டே தயாளினி மேல்தட்டிலிருந்து ஜோர்ஜெட் சேலைகளை இறக்கினாள். பட்டு கனம், பாதியில் சிக்கும். நைலோன் வழுக்கிக்கொண்டு ஓடும், பிடிக்க ஏலாது. ஜோர்ஜெட்தான் கைக்கு அடங்கும். மஞ்சளின் முந்தானையில் சிவப்பு, சிவப்பின் முந்தானையில் பச்சை என்று ஒன்றோடொன்று தைத்துவிட்டால் கண்ணன் தயார்.

இதெல்லாம் யோகலிங்கத்தின் முகத்துக்காகச் செய்ததல்ல. திரௌபதியாக நிற்கப்போவது அவளுடைய மகள் லக்‌ஷிகா. பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவள், கோயில் மேடை என்றாலே முகத்தைச் சுளிக்கிறவள், இந்த முறை சம்மதித்ததே ஒரு வசனத்துக்காகத்தான். "அம்மா, அவ்வளவு பெரிய ஹோலில அவள் ஒராள்தான் சரியான கேள்வி கேக்கிறாள். மிச்சப்பேர் எல்லாம் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருக்கினம்," என்று குசினிக்குள் அடுப்படியில் நின்று சொல்லியிருந்தாள். தன்னையே தோற்றுவிட்டவர், பிறகு என்னை எப்படிப் பணயமாக வைக்கலாம் என்ற கேள்வி. குளிக்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியதில், வீட்டுச் சுவர்களுக்கே அது பாடமாகியிருந்தது.

சேலைகளைப் பைக்குள் அடைக்கச் சொல்லிவிட்டு யோகலிங்கம் வாசலில் திரும்பினார்.

"ஓ, சொல்ல மறந்துபோனன். கடைசி நேரத்தில ஒரு சின்ன வெட்டு. அந்தக் கேள்வி வாற இடத்தை எடுத்துப்போட்டம். விழாவுக்கு விருந்தாளியா வாற கவுன்சிலர் அம்மா வெள்ளனப் போகவேணுமாம்."

தயாளினியின் கை பையிலேயே நின்றது. "உங்கட புலம்பல்?"

தருமன் வேறு யார், யோகலிங்கமேதான். சூதில் எல்லாம் போனபின் தருமன் தனியே நின்று விதியை நொந்துகொள்ளும் இடம் அவரே எழுதிச் சேர்த்தது. ஒத்திகை பார்த்தவர்கள், அது தொடங்கும்போது எழும்பிப்போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறுதலாக வந்து இருந்தார்கள்.

"அதை எப்பிடி எடுக்கிறது? அதுதானே நாடகத்தின்ர உயிர். அதோட, தருமரைப் பாத்து ஒரு பொம்பிளைப்பிள்ளை அப்பிடிக் கேக்கிறது கோயில் மேடைக்கு வடிவில்லை, தங்கச்சி."

"பிள்ளையைக் கேட்டனீங்களோ?"

"பிள்ளையை என்னத்துக்கு? சுபாஸ்கரனைக் கேட்டனான். அவர் ஓம் எண்டிட்டார்."

பையை அவரே தூக்கிக்கொண்டு போய்விட்டார். தயாளினியின் கையில் துணி வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. நல்ல வேளை, மனுசன் கதவை அடைத்துவிட்டார்.

சுபாஸ்கரன் அவளுடைய புருஷன். அவர் வாயில் 'இல்லை' என்ற சொல்லைக் கேட்டவர் எவரும் இல்லை. ஹொலண்டைவிட்டு லண்டனுக்குப் போவோம் என்றாள், ஓம். கடை போடுவோம் என்றாள், ஓம். அதே ஓமைத்தான் வேலையிடத்து மேலாளருக்கும் கோயில் கமிட்டிக்கும் தெருவில் நோட்டீஸ் கொடுப்பவனுக்கும் தாராளமாக வழங்கிவந்தார். அவர் துச்சாதனன் ஆனதும் இப்படித்தான். குமர்ப்பிள்ளையின் சேலையில் வேற்று ஆம்பிளை கை வைத்தால் நாளைக்குச் சனம் என்ன கதைக்கும் என்று கலைக்குழு கூடிக் கூடி மண்டையைப் பிய்த்தது. கடைசியில், தகப்பனே இழுத்தால் ஒரு கதையும் வராது என்று முடிவு கட்டியது. பெற்ற மகளின் சேலையைச் சபை நடுவே அப்பனை விட்டு இழுப்பிப்பதில் ஒரு குறையும் காணாத மானஸ்தர்கள்!

அன்று பின்னேரம் சுபாஸ்கரன் சப்பாத்தைக் கழற்றும் முன்பே தயாளினி பிடித்துக்கொண்டாள்.

"அந்த வசனத்தை வெட்ட ஓம் எண்டனீங்களோ?"

"அண்ணை போனில கேட்டார். நான் ஓம் எண்டனான். ஒரு லைன்தானே, தயா."

"ஆற்ற லைன்?"

"என்ன, ஆற்ற லைன்?"

"உங்கட லைனோ, அவளின்ர லைனோ?"

"துச்சாதனனுக்கு லைனே இல்லையப்பா. இழுக்கிறது மட்டும்தான்."

"கடையில ஒரு சேலை குறைச்சுக் குடுக்கிறதெண்டாலும் முதலாளியைக் கேக்கவேணும். பிள்ளையின்ர வாயைக் குடுக்கேக்க உங்களுக்கு அது தெரியேல்லையோ?"

அவர் ஒரு சப்பாத்தோடு நின்றார். மாடிப்படியில் லக்‌ஷிகா இருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டது. "நான் செய்யேல்ல. வேற ஆரையும் பிடிக்கச் சொல்லுங்கோ, அப்பா. நீங்கள் கேட்டா ஆரும் ஓம் எண்டுவினம்."

"நீ போவாய்," என்றாள் தயாளினி. "நீ விட்டால் வேற ஒருத்தி வந்து வாயை மூடிக்கொண்டு நிப்பாள். அந்தாளுக்கு வேண்டியதும் அதுதான். போய் நில். கேக்கிறதுக்கு இடம் வரும்."

"எங்க வரும்? ஸ்கிரிப்டிலயே இல்லை!"

"வரும் எண்டுறன்."

"நான் வேணுமெண்டால் அண்ணையிட்டத் திருப்பிக் கதைச்சு..." என்று சுபாஸ்கரன் தொடங்கினார்.

"வேண்டாம். நீங்கள் தொடங்கினால் அதுவும் ஓமிலதான் போய் முடியும்."

விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மேடைக்குப் பின்புறம் கறுப்புத் திரை, அதில் ஒரு கீறல். லக்‌ஷிகா அதற்கு முதுகு காட்டி நிற்பாள். கட்டியிருக்கும் சேலைக்கு மேலாக, கீறலுக்குள்ளிருந்து வரும் நீளத்துணி அவளுடைய இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி, மேடையின் முன்விளிம்பில் நிற்கும் துச்சாதனன் கைக்குப் போகும். திரைக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரையில், மடி நிறையச் சேலையோடு தயாளினி. அவள் விட விட அங்கே வரும். மண்டபத்துக்கு அது கண்ணன் அருள்.

யோகலிங்கம் புலம்பினார். டிவிடியில் தெளிவாக விழவேண்டும் என்று தன் கழுத்துப் பட்டையில் தனியாக ஒரு மைக் குத்தியிருந்தார். விதியே என்றார், விளையாட்டே என்றார், மறுபடியும் விதியே என்றார். நாட்டை வைத்தவர், தம்பிமாரை வைத்தவர், பெண்டாட்டியை வைத்தவர், இப்போது பழியை விதியின் கணக்கில் எழுதுகிறார். திரைக்குப் பின்னால் இருந்தவளுக்குக் காது கொதித்தது. கீறலால் எட்டிப் பார்த்தாள். முன்வரிசையில் கவுன்சிலர் அம்மாவின் கதிரை காலி. அதற்குப் பக்கத்தில் அவவுக்குப் போர்த்த வைத்திருந்த பொன்னாடை மடிப்புக் குலையாமல் கிடந்தது. யாருக்காகப் பிள்ளையின் வசனத்தை வெட்டினாரோ, அந்த மனுசி இவருடைய புலம்பலைத் தாங்காமல் எழும்பிப் போயேவிட்டா.

அதுவரை தயாளினியிடம் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அதுவும் போயிற்று.

சங்கு முழங்கியது. சுபாஸ்கரன் ஒட்டுமீசையோடு வந்து இழுத்தார். மஞ்சள் போயிற்று. சிவப்புப் போயிற்று. "கண்ணா, கண்ணா" என்று பெண்கள் கைகூப்பினார்கள். பச்சை பாதி போனபோது தயாளினி எழுந்தாள். சுவரோரம் ஓடிய ரேடியேட்டர் குழாயில் துணியைச் சுற்றினாள். இறுக்கி முடிந்தாள்.

சுபாஸ்கரன் இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். வரவில்லை.

"என்ன, கண்ணனிட்ட ஸ்டொக் முடிஞ்சுதோ?" என்றது நடுவரிசையில் ஒரு குரல். மண்டபம் கொல்லென்று சிரித்தது.

"தயா, விடும்," என்று சுபாஸ்கரன் திரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"என்ன நடக்குது அங்க? விடச் சொல்லும் ஐசே!" என்று தருமராசர் பல்லைக் கடித்தார். அந்தப் பல் நெரிந்த சத்தத்தைக்கூட மைக் மண்டபத்தின் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

"அவள் கேக்கவேண்டியதைக் கேக்கட்டும்," என்றாள் தயாளினி திரைக்குப் பின்னாலிருந்து. இன்னும் கொஞ்சம் குறையுங்கோ என்று நிற்பவர்களிடம் கடையில் பேசுகிற அதே குரல். "பிறகு சேலை வரும்."

லக்‌ஷிகா ஒரு கணம் திரைப் பக்கம் தலையைத் திருப்பினாள். பிறகு யோகலிங்கத்தை நேரே பார்த்தாள்.

"தருமரே, முதலில் நீங்கள் தோற்றது உங்களையா, என்னையா? உங்களையே தோற்றுவிட்ட பிறகு என்னை வைத்தாட யாரைக் கேட்டீர்கள்? என்னைக் கேட்டீர்களா?"

தருமர் நிலத்தைப் பார்த்தார். எழுதி வைத்த வசனம் ஏதும் அங்கே கிடக்கவில்லை. "நேரம்... கவுன்சிலர்..." என்றது மைக்.

"கவுன்சிலர் எப்பவோ எழும்பிப் போயிட்டா! பிள்ளைக்குப் பதிலைச் சொல்லுங்கோவன், அண்ணை!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். வேறு பெண்கள் சிலரும், "சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்றார்கள்.

"முன்திரையை மூடு!" என்று யோகலிங்கம் கையைக் காட்டினார். முன்திரை இரண்டு பக்கமும் ஓடிவந்து, குறுக்கே விறைத்து நின்ற சேலையில் மாட்டிப் பாதியில் நின்றது. அவர் கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கிரீடம் ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"கோயில் மேடையை நாறடிச்சுப்போட்டீர்! அடுத்த வருஷம் சேலை வேற கடையில எடுப்பம், தெரியுமோ?"

"எடுங்கோ. காசு குடுத்து எடுங்கோ," என்றாள் தயாளினி. "எடுத்துப்போட்டுப் பதிலையும் யோசிச்சு வையுங்கோ. அடுத்த வருஷமும் அவள் கேப்பாள்."

யோகலிங்கம் வாயைத் திறந்தார், கழுத்தில் மைக் இருப்பது நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டு போய்விட்டார்.

மேடையில் சுபாஸ்கரன் மட்டும் சேலை முனையைப் பிடித்தபடியே நின்றார். ஒட்டுமீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. விலகிக் கிடந்த திரையினூடே மனைவியைப் பார்த்தார்.

"தயா, விடட்டோ?"

குழாயில் போட்ட முடிச்சை அவிழ்க்கத் தயாளினி அசையவில்லை.

"என்னைக் கேக்காதேங்கோ. அவளைக் கேளுங்கோ."

சுபாஸ்கரன் மகளின் பக்கம் திரும்பினார். அவருக்கு அது பழக்கமில்லாத வேலை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பிள்ளை... விடட்டோ?"

இடுப்பில் சுற்றிய பச்சைச் சேலையோடு லக்‌ஷிகா அவரைப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, அப்பா," என்றாள். "யோசிச்சுச் சொல்லுறன்."